நாலு மில்லிமீட்டர்

காலையிலிருந்து தச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒரே ஜன்னல் சட்டத்தை மூன்று தடவை அளந்துவிட்டார். மூன்று தடவையும் ஒரே அளவுதான் வந்தது. நான்காவது தடவை அளக்கப் போனவர், டேப்பைச் சட்டென்று சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தார். அங்கிருந்து பார்த்தால் வீட்டின் முன்கூடம் தெரியும். அந்த முன்கூடம்தான் அவர் மனைவியின் பள்ளிக்கூடம்.

தங்கை இன்னும் வரவில்லை. பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா பயமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

போன வாரக் கதையைப் படிக்காமல் வேறு வேலையாக இருந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. தச்சரின் தங்கை ஒரு நர்ஸ். அவள் கணவர் லாரி ஓட்டுபவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார், இந்த வாரமும் நம் கண்ணில் படமாட்டார். இவர்களின் ஏழரை வயது மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் 'மிளகு'. ஆள் சின்னது, காரம் அதிகம். பெரிய பள்ளியில் சரிப்பட்டு வராமல், மூன்று மாதம் முன்பு அத்தையின் முன்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். முதல் ஒன்றரை மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டாள். நாலும் ஆறும் பத்து என்று அவளால் சொல்ல முடியவில்லை. போன வாரம் நர்ஸின் பொறுமை தீர்ந்துபோனது. பெரிய பள்ளியில் மறுபடி இடம் வாங்கிவிட்டாள், ஒன்றாம் வகுப்பில், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். "ஒரே ஒரு மணி நேரம் வந்து அவளைப் பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்று டீச்சரான அண்ணி கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், பத்தரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அந்தத் தொலைபேசிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த தச்சர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாரே, ஏன் என்று பல பேருக்குச் சந்தேகம் வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

கேட் கிறீச்சிட்டது. மணி பத்து இருபத்தைந்து. நர்ஸ்கள் தாமதமாக வருவதில்லை.

"அண்ணி, பன்னெண்டு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும்."

"தெரியும்மா. உட்காரு."

"உட்கார்ந்தா தூங்கிடுவேன். ராத்திரி டியூட்டி முடிச்சு நேரா வரேன்."

டீச்சர் ஒரு குட்டி நாற்காலியைக் காட்டினார். அந்தக் கூடத்தில் பெரியவர்களுக்கென்று நாற்காலி கிடையாது. நர்ஸ் உட்கார்ந்தபோது முழங்கால்கள் இரண்டும் மோவாய்க்கு வந்துவிட்டன. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் மடித்து வைத்த சேர்க்கைப் படிவம் எட்டிப் பார்த்தது. வலது பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அந்தக் கூடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை. சுவரோரம் தாழ்வான அலமாரிகள். அவற்றில் தட்டுத் தட்டாக மணிச்சரங்கள், விரலால் தடவிப் பார்க்க உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள், துளைகளில் பொருத்த வேண்டிய மர உருளைகள். பதினாறு பிள்ளைகள் ஆளுக்கொரு பாயை விரித்து, தனக்கு வேண்டியதைத் தானே எடுத்து, முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். 'தப்பு' என்ற வார்த்தையை அங்கே யாரும் சொல்லக் கூடாது. உருளையைத் தவறான துளையில் போட்டால் அது உள்ளே இறங்காது. அதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்? தப்பைக் குழந்தைக்குக் காட்ட வேண்டியது கையில் இருக்கிற பொருள், நாம் இல்லை. இதை டீச்சர் பதினைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடத் தச்சர் ஒப்பித்துவிடுவார்.

ஆனால் இன்று டீச்சருக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராக இருந்த தட்டுகளை எடுத்து மறுபடி நேராக வைத்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். மற்றவர்களின் பிள்ளைகளை எல்லாம் எண்ணப் பழக்கியவரால் சொந்த நாத்தனார் மகளைப் பழக்க முடியவில்லை. அந்த அவமானம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வலி ஒன்றும் இருந்தது. இரண்டு நாள் முன்பு மிளகு தன் பாயைச் சுருட்டியபடியே, "எனக்குக் கணக்கு வராது அத்தை, நான் அப்படித்தான்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லியிருந்தாள்.

முக்கால் மணி நேரம் எழுத்துகளிலேயே ஓட்டிவிட்டு, இனித் தள்ளிப்போட முடியாது என்றபோது கேட்டார்: "மிளகு, கோல் எடுத்துட்டு வரியாம்மா?"

மிளகு அம்மாவைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போனாள்.

கோல் என்றால் எண் கோல். மொத்தம் பத்து. சிறியது பத்து சென்டிமீட்டர், பெரியது ஒரு மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கட்டமாகச் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பூசியிருக்கும். பத்தாம் கோலைக் கீழே வைத்து, அதன் மேலே ஆறையும் நாலையும் தலையோடு தலை சேர்த்து வைத்தால் இரண்டு பக்கமும் சரியாக வந்து நிற்கும். ஆறும் நாலும் பத்து என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம், கண்ணே பார்த்துக்கொள்ளும். பழைய கோல்களில் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது என்று அவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு, ஏழு வாரம் முன்புதான் தச்சர் புதிதாகச் செய்து கொடுத்திருந்தார். ஒரு கண்காட்சியில் பழையதைப் பார்த்துவிட்டு வேறு பள்ளிகளும் கேட்டதால், ஒரேயடியாக இருபது செட் செய்தார்.

மிளகு பத்தாம் கோலைப் பாயில் கிடத்தினாள். ஆறை வைத்தாள். இடது முனையில் இரண்டு கோலும் ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். நாலை எடுத்து ஆறோடு சேர்த்தாள். குனிந்து, வலது முனையில் கண்ணைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள்.

"பத்து ஆகல."

நர்ஸ் கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லா நெருக்கி வைம்மா" என்றார் டீச்சர்.

"நெருக்கித்தான் வெச்சிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்."

மிளகு நெருக்கினாள். குனிந்து பார்த்தாள். "ஆகல."

"சரி, எண்ணிப் பாரு. ஆறுக்கு அப்புறம்?"

"ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. எண்ணினா பத்து வருது அத்தை. வெச்சா வரல."

"வெச்சாலும் வரும். நீ சரியா வைக்கல, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சொல்லக் கூடாத வார்த்தை. வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தாலும் அது அந்தத் 'தப்பு' என்ற வார்த்தைதான்.

"பாத்தீங்களா அண்ணி?" நர்ஸின் குரல் தணிந்துதான் இருந்தது. "நான் உங்களைக் குறை சொல்ல வரல. உங்களுக்கே பொறுமை போகுது. ஏழரை வயசு. நாலும் ஆறும் தெரியல. நாளைக்கு இவ வெளியில எப்படிப் பிழைப்பா? ஆஸ்பத்திரியில ஒரு மருந்து அரை மில்லி கூடினா எனக்குக் கை நடுங்கும். எண்ணு தெரியாம ஒரு வேலையும் கிடையாது."

"அவளுக்குக் கொஞ்சம் டைம் குடு."

"அதைத்தான் ஏழு வாரமா சீட்டுல எழுதி அனுப்பறீங்க."

பக்கத்துப் பாய்களில் கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சண்டையை விடச் சுவாரசியமான பாடம் எது?

மிளகு மட்டும் இந்தப் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. பாவாடைப் பையில் கையை விட்டு எதையோ துழாவினாள். வெளியே வந்தது ஓர் அட்டைத் துண்டு. மாத்திரை டப்பாவின் அட்டை. மடிப்பு மேல் மடிப்பாக மடித்து, நூல் சுற்றிக் கட்டியிருந்தாள். நாள்பட்ட அழுக்கு அதன் ஓரங்களில் ஏறியிருந்தது.

நாலாம் கோலின் முனையில், கீழே பத்தாம் கோல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், அந்த அட்டையைச் செங்குத்தாக வைத்தாள். விரலால் தடவினாள்.

"இப்ப பத்து."

நர்ஸின் பாதம் தரையைத் தட்டுவதை நிறுத்தியது.

"என்னடி அது?" என்றாள் நர்ஸ்.

"குறையறது." மிளகு ஆறையும் நாலையும் எடுத்துவிட்டு ஏழையும் மூன்றையும் வைத்தாள். அதன் முனையில் அதே அட்டையை வைத்தாள். பொருந்தியது. எட்டும் இரண்டும். பொருந்தியது. ஒன்பதும் ஒன்றும். பொருந்தியது. "எல்லாத்துலயும் இதே அளவுதான் குறையுது. மொதல்ல ரெண்டு மடிப்பு மடிச்சேன், பத்தாம போச்சு. அப்புறம் மடிச்சு மடிச்சுப் பாத்தேன். பழைய கோல்ல இது வேண்டாம் அத்தை. அதுல தானா வரும்."

நர்ஸ் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. பாயருகே மண்டியிட்டுக் குனிந்து, மகள் கண் வைத்த இடத்தில் தன் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஊசிக் குழாயின் மெல்லிய கோடுகளைத் தினமும் நூறு தடவை பார்க்கிற கண் அது. அதற்கு டேப் வேண்டியிருக்கவில்லை.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "இது குட்டையாத்தான் இருக்கு."

டீச்சர் குனிந்து பார்த்தார். இடைவெளி கண்ணெதிரே நின்றது. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. மிளகு சரியாக நெருக்கி வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே பார்த்த கண்ணுக்கு அது வேறு எப்படித் தெரியும்? மற்ற பதினைந்து பேரும் 'பத்து' என்று சொல்லிவிட்டுப் போனார்களே என்று தோன்றியது. அவர்கள் கோலைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஆறையும் நாலையும் தூக்கிக்கொண்டு டீச்சர் பட்டறைக்கு நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

தச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். மனைவியின் கையிலிருந்த கோல்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னங்க, இதைக் கொஞ்சம் அளந்து..."

"நாலு மில்லிமீட்டர்" என்றார் தச்சர்.

டேப் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் அதைத் தொடக்கூட இல்லை.

டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றார். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு மீட்டர் சட்டத்தை எடுத்து, அறுபதுல கோடு போட்டு, கோட்டு மேலயே ரம்பத்தை விட்டேன். ஆறும் நாலும் ஒரே அறுப்புல வந்துடும், மரம் வீணாகாதுன்னு. ரம்பம் மூணு மில்லியைத் தூளாக்கித் தின்னுடுச்சு. முனையை இழைச்சதுல இன்னும் ஒண்ணு. மத்த ஜோடியும் அப்படித்தான்."

"ரம்பம் தின்னும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நேத்து வந்த பையனுக்குக்கூடத் தெரியும்."

"அப்புறம்?"

தச்சர் பட்டறைத் தூணில் காய்ந்து ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினார். "ஒரு வாரத்துல இருபது செட் கேட்டாங்க. அறுத்து முடிச்சு அடுக்கும்போதுதான் பாத்தேன். கதவா இருந்தா, ஜன்னலா இருந்தா அத்தனையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி அறுத்திருப்பேன். இது பசங்க விளையாடற சாமான்தானே, யார் கண்டுபிடிக்கப் போறான்னு..."

விளையாடற சாமான். டீச்சர் கையிலிருந்த கோல்களைப் பார்த்தார். பதினைந்து வருடமாக அலமாரி அலமாரியாகச் செய்து கொடுத்த மனிதர். ஊரார் சிரித்தபோதெல்லாம் பக்கத்தில் நின்ற மனிதர். அவர் மனதில் இந்தக் கூடம் ஒரு பொம்மைக் கடையாகத்தான் இருந்திருக்கிறதா?

"போன வாரம் போன்ல பேசினதைக் கேட்டீங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். சொன்னா உன் முகத்துல எப்படி முழிக்கறதுன்னு தெரியல. இன்னிக்குச் சொல்லலாம்னுதான் காலையிலேர்ந்து வாசலுக்கும் பட்டறைக்குமா நடந்துட்டு இருக்கேன்."

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் டீச்சர் வாயைத் திறந்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து அவருடைய நோட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு குழந்தைக்கும் அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தினமும் பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும் என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். கூடத்துக்குத் திரும்பி வந்து மிளகின் நோட்டை எடுத்துப் புரட்டினார். ஏழு வாரம் முந்தைய பக்கம். புதுக் கோல் வந்த மறுநாள். டீச்சரின் அழகான கையெழுத்து.

'பழைய கோல்தான் வேண்டும் என்கிறாள். பிடிவாதம். மாற்றத்தை ஏற்கத் தயக்கம்.'

அதற்கு அடுத்த வாரம்: 'மீண்டும் பத்து ஆகவில்லை என்கிறாள். கவனக் குறைவு.'

ரம்பம் தின்றது நாலு மில்லிமீட்டர். நான் தின்றது ஏழு வாரம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். கணவரிடம் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் அதோடு கரைந்துபோயின.

பாயருகே வந்து, மிளகுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மிளகு, நீ சொன்னதுதான் சரி. கோல்தான் குட்டை."

மிளகு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு மட்டுமா?"

"இல்லம்மா."

"மொத நாளேவா?"

"மொத நாளே. அத்தைதான் சரியாப் பாக்கல. உன்னை நம்பாம, உனக்குத் தெரியலன்னு நினைச்சுட்டேன். என் தப்பு."

அந்தக் கூடத்தில் அந்த வார்த்தை அன்றுதான் முதல்முறையாக வெளிப்படையாக ஒலித்தது. மற்ற பதினைந்து பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள்.

மிளகு சிரிப்பாள், துள்ளுவாள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துதான் போவார்கள். அவள் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. உதட்டை அழுத்திப் பிடித்தாள். அப்படியும் கண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப எனக்குக் கணக்கு வருமா?"

நர்ஸுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துவிட்டு வந்தவள், வேலையிடத்தில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்துக் கல்லாக நிற்கப் பழகியவள், இங்கே பாயில் உட்கார்ந்து அழுதாள்.

"வரும்டி. உனக்குத்தான் வரும். எங்களுக்குத்தான் வரல."

தச்சர் கூடத்தின் வாசல் வரை வந்து நின்றார். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாத நிலை.

"அண்ணா," என்றாள் நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன். இப்பப் பேசினா ஜென்மத்துக்கும் மறக்காத மாதிரி பேசிடுவேன்."

"பேசும்மா."

"அண்ணி, உங்ககிட்டயும்தான். இவளை இங்கயே விடறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. அங்க போனாலும் மறுபடி ஒன்றாம் வகுப்பு. இங்க இருந்தா..." சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தைந்து. பாதம் மறுபடி தரையைத் தட்டத் தொடங்கியது.

டீச்சர் கவிழ்ந்து கிடந்த குட்டி நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். 'இங்கேயே விடு' என்று சொல்ல அவருக்கு இன்று உரிமை இல்லை.

மிளகு அம்மாவின் மடியிலிருந்து வாசல் பக்கம் திரும்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மாமா, இந்த மாதிரி எத்தனை பண்ணீங்க?"

"இருபது."

"மிச்ச பத்தொன்பது எங்க?"

தச்சர் மனைவியைப் பார்த்தார். டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் அப்போதுதான் முழுசாக இறங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது பள்ளிக்கூடங்கள். பத்தொன்பது அலமாரிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு டீச்சர், 'நல்லா நெருக்கி வைம்மா' என்று சொல்லிக்கொண்டு.

"அங்கயும் யாராவது பத்து ஆகலன்னு சொல்லியிருப்பாங்க இல்ல?" என்றாள் மிளகு.

நர்ஸ் கைப்பையைத் திறந்தாள். சேர்க்கைப் படிவத்தை எடுத்தாள். அதைத் திருப்பி, எழுதாத பின்பக்கத்தை மேலே வைத்து, பேனாவோடு அண்ணனிடம் நீட்டினாள்.

"எங்கெங்க அனுப்பினேன்னு எழுது. ஒண்ணு விடாம."

தச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார். முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பெயரை எழுதத் தொடங்கியவர், பேனாவைத் தூக்கினார். காகிதத்தின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மேலே தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த பள்ளியின் பெயரும் அதுதான்.

"ஒன்றாம் வகுப்புக்குன்னுதான் கேட்டு வாங்கினாங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

நர்ஸும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி பதினொன்று நாற்பது.

மிளகு மட்டும் தன் அட்டைத் துண்டைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். அழுத தடம் இன்னும் கன்னத்தில் காயவில்லை.

"ஒண்ணுதான் இருக்கு," என்றாள். "இன்னும் பத்தொன்பது மடிக்கணும். அம்மா, உங்க பையில வேற டப்பா இருக்கா?"